மேய்ப்பர்களின் பிணக்கும் மந்தையின் குரலும்

கண்டர்பரிப் பேராயர் பதவிக்கு முதற்தடவையாக ஒரு பெண்மணி, சாரா முல்லலி, தெரிவாகியுள்ளார் என்ற அறிவிப்பு 2025 ஒக்டோபர் 3ஆம் திகதி வெளியானது. இரு வாரங்கள் கழியுமுன்னரே, ருவண்டாப் பேராயர் லோரன்ட் ம்பண்டாவைத் தலைவராகக் கொண்ட பழைமைபேண் அணியான 'கப்கொன்', கண்டர்பரியின் தலைமையை ஏற்பதில்லை என அறிவித்தது. இப்பிளவு நமக்குத் தொலைவான விடயமன்று. கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்களைக் கொண்ட இலங்கைத் திருச்சபை, கண்டர்பரிப் பேராயரின் உயர் அதிகாரத்தின் கீழேயே இயங்கி வந்துள்ளது.

இத்தகைய பிணக்கு மலையகத்துக்கும் புதிதன்று. 1876இல் ரெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் முப்பது வயதில் கொழும்பு ஆயராக இங்கு வந்தார். பழைய வழிபாட்டு மரபிலும் ஆயர் பதவியின் அதிகாரத்திலும் அசையாத பற்றுடையவர் அவர். கோப்பித் தோட்டங்களில் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில், துரைமாரின் பண உதவியுடன் சி.எம்.எஸ். மிஷனரிமார் பணியாற்றி வந்த காலம் அது. ஒரு பிரதேசத்தின் திருச்சபைப் பணி முழுவதும், ஆங்கிலேயர், தமிழர் என்ற பேதமின்றி, அப்பிரதேசக் குருவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார் ஆயர். மிஷனரிமார் மறுத்தனர். ஆயர் அவர்களது அனுமதிப் பத்திரங்களை மீளப்பெற்றார்.

துரைக்கு ஒரு சபை, தொழிலாளிக்கு வேறொரு மிஷன் என்ற ஏற்பாட்டை விட ஆயரின் கோட்பாடே நியாயமானது என்பது எமது கருத்து. மரபு என்பது ஒரே பந்தியில் அனைவரையும் அமர்த்துவதாயின், அதனைக் காப்பவர் ஆதரவுக்குரியவரே. ஆயினும் தமிழறியாத குருவிடம் தமிழ் மக்களை ஒப்படைப்பதா என்ற மிஷனரிமாரின் அச்சத்திலும் உண்மை இருந்தது. தண்டனையை முந்தவிட்டு உரையாடலைப் பிந்தவிட்டது ஆயரின் தவறு.

டிக்கோயாவில் வார்லி தேவாலயம் எழுந்த 1878ஆம் ஆண்டிலும் இப்பிணக்கு ஓய்ந்திருக்கவில்லை. ஆயரும் மிஷனரிமாரும் துரைமாரும் வாதிட்டனர். எவருக்காக வாதிட்டார்களோ, அந்தத் தொழிலாளியின் குரல் எவ்வரங்கிலும் ஒலிக்கவில்லை. இங்கிலாந்துப் பேராயர்கள் தலையிட்ட பின்னர் 1880இல் இணக்கம் பிறந்தது. அரச மானியம் கைவிடப்பட்டதையடுத்து, 1886இல் குருமாருடன் பொதுமக்களும் இடம்பெறும் மன்றத்துடன் திருச்சபை தனது யாப்பை அமைத்துக்கொண்டது. அந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவரும் அதே கொப்பிள்ஸ்டனே. மரபு பேணுவதும் மக்களுக்கு இடமளிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்றாகும்.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இதன் பாரம் தெரியும். 2009இல் பேருவளையில் மார்க்கப் பிரிவினரிடையே மூண்ட மோதல் உயிர்களைப் பலிகொண்டது. கொள்கை வேறுபாடு குற்றமன்று. அதனைப் பேசித் தீர்க்க அவையில்லாத இடத்திலேயே கைகலப்பு பிறக்கிறது.

எனவே, மரபின் பக்கம் நிற்கும் தலைவர்களின் மனச்சாட்சிக்கு மதிப்பளிப்போம். ஆனால் மரபுவாதியாயினும் சீர்திருத்தவாதியாயினும் பிரிவினைக்கு வழிகாட்டுபவருக்கு எமது ஆதரவு இல்லை. கண்டர்பரியா, கப்கொனா என்ற வினா இலங்கைத் திருச்சபையின் முன் வருமாயின், கொழும்பில் மட்டும் விடை தேடலாகாது. லயத்திலிருந்து ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் தொழிலாளியிடமும் அவரது தாய்மொழியில் அவ்வினா கேட்கப்பட வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தவறவிட்டதை இம்முறையும் தவறவிடலாகாது.