செட்டிநாடு போர்க்கால விமானதளம்: தார் போடும் முன் வரலாற்றைப் பதிவு செய்க

செட்டிநாடு அரசு கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தை மீண்டும் விமான நிலையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை காரைக்குடி வட்டாரத்தில் நெடுநாளாகவே உண்டு. அதை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருவோர் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி அலைவது குறைந்தால் நல்லதுதான். ஆனால் அந்த இடத்தின் வரலாற்றை ஆராய்ந்து பதிவு செய்யும்வரை அங்கே ஒரு பொக்லைன்கூட இறங்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

போர் இந்த ஊர்களுக்கு விமானத்தில் வரவில்லை, நடந்து வந்தது. கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்த காலம் அது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு, காடு மலை தாண்டி வந்து சேர்ந்தவர்களின் கதை இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னையே பாதி காலியானது. கிழக்குக் கடற்கரையைக் காக்க அவசர அவசரமாக விமானதளங்கள் தேவைப்பட்ட சூழல் இதுதான். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு ஆகிய ஊர்களின் பழைய தளங்களோடு சேர்த்துப் படித்தால்தான் செட்டிநாட்டுத் தளம் விளங்கும். தனியாகப் படித்தால் அது ஒரு ஊர்ப் பெருமையாகச் சுருங்கிவிடும்.

ஊர்ப் பெருமை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய வீட்டுச் செட்டியார்கள் தங்கள் சொந்த விமானத்துக்காகப் போட்ட தளம் என்று சொல்வோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆவணம் காட்டும்வரை எங்கள் வெளியீடு எதிலும் அது இடம்பெறாது. விமான நிலையம் திறந்தால் நுழைவாயிலில் கட்டாயம் ஒரு கல்வெட்டு வைப்பார்கள். அதில் ஏறிவிட்ட கதையைப் பிறகு யாராலும் இறக்க முடியாது.

பெங்களூரோடு ஒப்பிட்டால் இங்குள்ள சிக்கல் புரியும். வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கும் சொந்த ஓடுதளம் இருந்தது. 1943இல் அது அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்குப் போய், பழுதுபார்க்கும் பெரும் பணிமனையானது. போருக்குப் பின் மிஞ்சிய டகோட்டா விமானங்களைப் புதுப்பித்துத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்ததும் அதே தொழிற்சாலைதான். அந்த ஓடுதளம் 2008 வரை பெங்களூரின் பயணிகள் விமான நிலையமாகவும் இருந்தது. நிறுவனம் பிழைத்ததால் அதன் கதையும் பிழைத்தது. செட்டிநாட்டுத் தளத்துக்கு அப்படி ஒரு வாரிசு இல்லை. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலையை ஒட்டியிருந்த காசில் பிராம்விச் தளத்தின்மேல் 1960களில் குடியிருப்பே கட்டிவிட்டார்கள். ஆனாலும் அங்கே நடந்தது ஏட்டில் இருக்கிறது.

காரைக்குடிக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு போரோடு முடியவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் இலண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டப் பயின்றவர். போர் முடிந்ததும் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தை நடத்தியவர். அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை இந்த ஆய்வை முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தேட வேண்டிய இடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985இல். ஆகவே அன்றைய நிலக் கோப்புகளை இராமநாதபுரம் மாவட்டப் பெயரில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அப்போது ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வரவில்லை. போர்க்கால நிலக் கையகங்கள் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 75ஏ பிரிவின்கீழ் நடந்தன. யாருடைய புஞ்சை போனது, மேய்ச்சல் தரை எவ்வளவு, இழப்பீட்டைப் பட்டாதாரர் வாங்கினாரா, உழுதவர் வாங்கினாரா என்பதெல்லாம் அந்தக் கோப்புகளிடம் கேட்க வேண்டியவை. கிராமத்து ‘அ’ பதிவேட்டையும் புலப்படங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பல முடிச்சுகள் அவிழும். பிரிட்டிஷ் விமானப்படையின் நாட்குறிப்புகள் இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் படை எப்போது வந்தது என்பதை அவை சொல்லும். மண் சுமந்தவர் யார், ஜல்லி உடைத்த பெண்களுக்கு என்ன கூலி என்பதை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

அதை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்தைச் சிறு வயதில் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள், அல்லது தாண்டிவிட்டார்கள். காப்பகக் கோப்பு இன்னும் பத்தாண்டு காத்திருக்கும். இவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். கேள்விகள் ஓடுதளத்தோடு நின்றுவிடவும் கூடாது. 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, திருவாடானையில் சிறை உடைந்தது. அதே மாதம் கோவை சூலூர் விமானதளத்தில் லாரிகளுக்குப் போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். அன்றைய விமானதளம் வேலை கொடுத்த இடம். வெள்ளை அரசின் அடையாளமும் அதுவே. இரண்டையும் எழுதாத வரலாறு அரை வரலாறு.

சட்டம் இங்கே துணைக்கு வராது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே பார்க்கிறது. இந்தக் கான்கிரீட்டுக்கு அந்த வயது ஆகவில்லை. எனவே மாவட்ட நிர்வாகம் தானே முன்வந்து, எந்த ஒப்பந்தப்புள்ளிக்கும் முன்பாக ஓடுதளம், வடிகால், எஞ்சிய கட்டுமானம் அனைத்தையும் அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். கால்நடைப் பண்ணையின் பழைய கோப்புகளை ஆய்வாளர்கள் படிக்க அனுமதி வேண்டும். பண்ணை வேலைக்கு இடையூறு வராமல் நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.

நகரத்தார் குடும்பங்களுக்கும் சுற்று வட்டாரக் கிராமத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். 1940 முதல் 1947 வரையிலான பேரேடு, ஒப்பந்தச் சீட்டு, கூலிக் கணக்கு, கடிதம், நிழற்படம் எது இருந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட வேண்டாம். வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொள்கிறோம். அசல் உங்களிடமே இருக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் குடும்பப் பெயர் எங்கும் அச்சாகாது.