சேவு கட்டிக் குடுத்து அனுப்பின டாக்டர்

தெரிஞ்ச பையன் ஒருத்தன், டாக்டர். பிள்ளைகளோட வளர்ச்சி, நடத்தை பத்தின மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புறான். சாத்தூர் வழக்கப்படி ரெண்டு கிலோ காரச்சேவு கட்டிக் குடுத்தாச்சு. சந்தோஷம்தான். ஆனா...

அங்கேயே இந்தப் பிரிவுக்கு முதல் தேர்வு வச்சது 2002லதான். குழந்தை மருத்துவம் மூணு வருஷம், அதுக்கு மேல இது மூணு வருஷம். ஜே-1 விசான்னா, முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும்னு விதி. டாக்டர் பத்தாத ஊர்ல வேலை பாத்தா விலக்கு உண்டு. அவங்க ஊரைச் சொல்றாங்க, சாத்தூரை இல்ல :-)

அவனைக் குத்தம் சொல்லல. எங்க தெரு மதினி பிள்ளைக்கு மூணு வயசு வரை பேச்சில்ல, கூப்பிட்டாத் திரும்பல. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்"னே ஒன்றரை வருஷம் போச்சு. அந்தப் பிள்ளைக்கு ஆறு வருஷம் ஏது?

வேலூர் சி.எம்.சி.யில இதுக்குத் தனித்துறையே இருக்கு. 2013ல வந்த தேசியத் திட்டப்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். மத்த நாளெல்லாம் பிள்ளையைப் பாக்கறது டீச்சர்தான். ஒரு வயசுல விரல் நீட்டிக் காட்டுதா, 16 மாசத்துல ஒத்தை வார்த்தை வருதா, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுதா? இல்லைன்னா காத்திருக்காம, காதுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் சோதிக்கணும். இதுக்கு விசா வேண்டாம்.

தம்பி, நல்லாப் படி. லீவுல வந்தா ஒரு மத்தியானம் எங்க டீச்சருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. சேவு என் செலவு.