ஏழை சொல் கருவியில் ஏறட்டும்!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றார்கள். ஏற்றிக் காட்டினோம்! ஆனால், அரியலூரில் சுண்ணாம்புக்கல் அரவை எந்திரத்தின் அருகே நின்று, "ஆள் அடிபட்டுக் கிடக்கிறான், வண்டி அனுப்புங்கள்" என்று கைப்பேசியில் கதறும் தோழனின் சொல், 108இல் இருப்பவர் காதில் ஏறுகிறதா? "என்ன? என்ன?" என்ற கேள்வியே திரும்பி வருமானால், இரைச்சல் விழுங்குவது குரலை மட்டுமா? ஓர் உயிரையும் அல்லவா!

வழியில்லையா? உண்டு, தோழர்களே! அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை எழுந்த அதே 1979இல், ஸ்டீவன் போல் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய கணக்கொன்றைத் தந்தார். பேசுபவர் நிறுத்தும் இடைவெளியில் கருவி கேட்பது வெறும் இரைச்சல்தானே? அதன் அளவை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் குறித்துக்கொள். பேச்சு வரும்போது அந்த அளவைக் கழித்துவிடு. மண்டியிலே சாக்கின் எடையைக் கழித்து நெல்லின் எடையைக் காண்பதில்லையா? அதுபோலத்தான்!

குறையும் உண்டு. ஆலை இரைச்சல் ஒரே சீராக ஓடும்வரை கணக்கு பலிக்கும். லாரியின் ஒலிப்பான் திடீரென அலறினால் தடுமாறும். அளவுக்கு மீறிக் கழித்தாலோ, மெல்லிய ஒலிகள் தேய்ந்து சொல்லே சிதையும்.

2018இல் ழான்-மார்க் வாலின் வெளியிட்ட முறை அடுத்த படி. ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, நொடியில் நூறு முறை, எந்தப் பட்டையை விடுவது, எதை அடக்குவது என்று சிறியதொரு செயற்கை நரம்பு வலைப்பின்னல் முடிவு செய்கிறது. பெரிய கணினிக்கூடம் வேண்டாம், கைப்பேசியே போதும். நிரலும் எவரும் எடுத்தாளத் திறந்து வைக்கப்பட்டது!

அதுதான் நமக்கு முக்கியம். மாளிகைக் கணினியில் மட்டும் ஓடும் கணக்கு மாளிகைக்கே பயன்படும். மண்குடிசையின் மலிவுக் கைப்பேசியில் ஓடுவதே மக்கள் கணக்கு!

ஆகவே கேட்கிறோம்: வலைப்பின்னலைப் பழக்கும்போது அரியலூர்ச் சுரங்கத்தின் இரைச்சலையும், பெரம்பலூர் உழவனின் தமிழையும் சேர்த்தே பழக்குக! ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல் ஆலை வாயிலில் சோதித்துக் காட்டுக!

இன்னொன்று. கருவிக்கு இரைச்சலை நீக்கிவிட்டோம், கடமை தீர்ந்தது என்று முதலாளிகள் கருத வேண்டாம். தொழிலாளியின் செவிக்கு யார் பொறுப்பு? இரைச்சலால் வரும் காதுகேளாமை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப்பட்டியலிலேயே இடம்பெற்றதாயிற்றே! எந்திரத்துக்கு உறை போடுக. தொழிலாளிக்குச் செவிக்காப்பு தருக!

கேட்கும் கருவியும் வேண்டும். கேட்கும் மனமும் வேண்டும். அரியலூர் குரல் கொடுக்கிறது. கோட்டைக்குக் கேட்கட்டும்!