ஒன்று விட்டு ஒரு நாள்

கேரள எல்லையோரப் பாறசாலையில் விடியற்காலை நான்கரை மணிக்கு இரண்டு வகை வெளிச்சம் தெரியும். ஒன்று, ரப்பர் விளைக்குள் மரத்துக்கு மரம் நகர்ந்து போகும் நெற்றி விளக்கு. மற்றொன்று, ஏதோ ஒரு வீட்டு மாடி ஜன்னலில் நீலமாக விழுந்து கிடக்கும் லேப்டாப் வெளிச்சம். நெற்றி விளக்குக்காரர் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதற்காக எழுந்தவர். மாடிக்காரர் ஐந்து மணிக்கு முன்னால் எழுகிறவர்களுக்கு வலைப்பதிவில் மாதம் லட்சம் வரும் என்று யாரோ சொன்னதற்காக எழுந்தவர். முன்னவர் எழுந்த காரணத்தை மரத்தைக் கேட்டால் சொல்லும். பின்னவர் எழுந்த காரணத்தை யாரிடம் கேட்பது?

இங்கே ஊருக்கு ஊர் பரவியிருக்கும் நம்பிக்கை இதுதான்: இணையத்துக்கு ஊர் கிடையாது, மொழி கிடையாது. நீ தினமும் எழுது, நேரத்தை அளந்து எழுது, பணம் தானாகப் பின்னால் வரும். வரவில்லையா? உன்னிடம் ஒழுங்கு போதவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் விஷம். உதியன்குளங்கரையில் ஒரு டீக்கடை படுத்துவிட்டால், பஸ் நிற்கிற இடம் மாறிப்போச்சு, எதிரே பேக்கரி வந்துவிட்டது என்று நாலு காரணம் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கடைக்காரர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுதிப் பிழைக்கப் போய்த் தோற்றவனை மட்டும் பெற்ற தகப்பனே சோம்பேறி என்கிறார். அவனும் அதை ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்டு, அலாரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளி வைக்கிறான்.

நானும் தள்ளி வைத்தவன்தான். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவத்தில் இருந்த ஓர் அடுக்களைக் கடிகாரத்தை முடுக்கி வைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பரீட்சைக்குப் படிக்க ஒரு பையன் கண்டுபிடித்த உபாயம், அவ்வளவுதான். அது கடல் தாண்டி வந்து இங்கே பிழைப்புக்கான மந்திரமாகிவிட்டது. ஒரு வருஷம் அந்தக் கணக்கில் எழுதினேன். பதிவுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு ஆனது. வாசித்தவர்கள் அதே பேர்தான். அதிலும் இரண்டு பேர் என் மைத்துனர்கள்.

பக்கத்து விளையில் பால் வெட்டும் அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன், தினமும் வெட்டினால் வருமானம் இரட்டிப்பாகுமே, ஏன் ஒன்று விட்டு ஒரு நாள் வெட்டுகிறீர்கள் என்று. கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: “நாளும் வெட்டினா பால் நின்னு போவும் மக்கா. மரம் எந்திரமா? அதுக்கும் மூச்சு விடணுமாக்கும்.” அவர் சொல்வதற்கு ரப்பர் சாகுபடியில் பெயர் உண்டு: பட்டமரப்பு. அளவு மீறி வெட்டினால் பட்டைக்குள் பால் ஊறுவது நின்று, மரம் வெளியே பச்சையாகவும் உள்ளே வறண்டும் நிற்கும். ரப்பர் வாரியமும் ஒருநாள் விட்டு ஒருநாள் முறையைத்தான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இப்போது வாரம் ஒரே ஒரு வெட்டு போதும் என்றும் சில தோட்டங்களுக்குச் சொல்கிறார்கள். தினமும் ஒரு பதிவு என்று சபதம் எடுத்தவர்களின் ஆறாம் மாத எழுத்தை எடுத்துப் பாருங்கள். வெளியே பச்சையாகத்தான் இருக்கும்.

ஆனால் ரப்பர் சொல்லும் பெரிய பாடம் மரத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. 2011-ல் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. குன்னத்துகால், வெள்ளறடைப் பக்கம் அந்த வருஷம் எழும்பிய மாடிகள் இன்னும் சாட்சி. 2016 தொடக்கத்தில் அதே ஷீட் 100 ரூபாய்க்குக் கீழே போனது. இந்த ஐந்து வருஷத்தில் வெட்டுக்காரர் எழும் நேரம் மாறவில்லை. அதே இருட்டு, அதே முந்நூறு சொச்சம் மரம், அதே சிரட்டை. கை வேகம் கூடத்தான் செய்திருக்கும். உழைப்பு முழுதாக இருக்க, விலை பாதிக்கும் கீழே போயிற்று. அவரைப் போய், நீங்கள் நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் வருமா?

வலைப்பதிவுக்கும் விலை வைப்பவன் வேறு ஊர்க்காரன். தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தொடங்கின. 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபோது எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஒரே முற்றத்தில் கூடினார்கள். அந்தக் காலத்தில் இராப்பகலாக எழுதியவர்கள் உண்டு. ஆனால் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். பதினைந்து வருஷம்! அந்தப் பதினைந்து வருஷமும் தமிழில் எழுதியவன் ஐந்து மணிக்கு எழுந்தாலும் மூன்று மணிக்கு எழுந்தாலும் அந்த வழியில் வரவேண்டிய காசு ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லை. இந்தி 2014-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இந்திக்காரர்கள் நாலு வருஷம் முன்னால் அலாரம் வைத்தார்கள் போலும்.

கதவு திறந்த பிறகும் கதை அதேதான். விளம்பரம் கொடுப்பவன் எந்த மொழி வாசகனுக்கு எவ்வளவு தருவான் என்பதை மும்பையிலோ குர்கானிலோ உட்கார்ந்து தீர்மானிக்கிறான். தேடுபொறி ஒரு நாள் தன் வரிசைக் கணக்கை மாற்றினால், முதல் பக்கத்தில் இருந்த பதிவு மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். 2024 ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் தேடலின் தலைமாட்டில் இயந்திரம் எழுதிய சுருக்க விடை வந்து உட்கார்ந்தது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். விடையை மேலேயே படித்துவிட்டவன் கீழே எதற்கு இறங்குகிறான்?

எங்கள் ஊர் விஷயம் இன்னும் ஒரு முடிச்சு கூடுதல். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. கேட்டும் கிடைக்காமல், பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு இந்தப் பக்கம் நின்றது. அதனால் இங்கே ஒரு வீட்டில் அம்மாவிடம் தமிழ், பள்ளியில் மலையாளம், சினிமாவுக்கு இரண்டும். இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளையில் கால் வைத்தால் கடைப் பலகையின் எழுத்தே மாறிவிடும்; பேச்சு மாறாது. இங்கிருந்து தமிழில் எழுதினால் மதுரை வாசகன் ‘இதென்ன மலையாளம்’ என்கிறான். மலையாளத்தில் எழுதினால் கோட்டயம் வாசகனுக்குப் ‘பாண்டி வாடை’ அடிக்கிறது. இதை எந்தத் தக்காளிக் கடிகாரம் தீர்க்கும்? இணையத்துக்கு மொழி கிடையாது என்கிறவர்கள் ஒரே மொழி பேசும் ஊரில் பிறந்தவர்கள்.

எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை இந்த மண்ணிலேயே காட்டலாம். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878-ல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் எழுதியவர். திவான் ராஜகோபாலாச்சாரியை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரைத் திருவிதாங்கூரை விட்டே நாடு கடத்தினார்கள். நாடு கடத்தப்பட்ட பின்னும் கை ஓயவில்லை. 1912-ல் காரல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் கொண்டுவந்தார். பத்திரிகைத் தொழில் பற்றியும் ஒரு நூல் எழுதினார். உற்பத்தித் திறன் பேசுகிறவர்கள் சிலை வைக்க வேண்டிய ஆள். ஆனால் அவர் எழுத்து நின்ற தூண்கள் வேறு. அவர் ஆசிரியராக இருந்த ‘சுதேசாபிமானி’ பத்திரிகையும் அச்சகமும் வக்கம் அப்துல் காதர் மௌலவியுடையவை. காசைப் போட்டுவிட்டு, ஆசிரியர் என்ன எழுதுகிறார் என்பதில் கை வைக்காத முதலாளி அவர். அச்சகம் போன பிறகும் அதற்காகத் தன் ஆசிரியரைப் பழிக்காதவர். பரதேச வாழ்க்கையில் துணை நின்றவர் மனைவி பி. கல்யாணி அம்மா, ஆசிரியை. 1916-ல் பிள்ளை கண்ணூரில் இறந்தார், முப்பத்தெட்டு வயது நிறையும் முன்னே. மௌலவியையும் கல்யாணி அம்மாவையும் கழித்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொன்னால், அது அலாரம் விற்கிறவனின் கதையாகிவிடும்.

இன்றைக்கு ‘தினமும் எழுதுகிறாரே பாருங்கள்’ என்று எல்லோரும் கைகாட்டுவது எல்லைக்கு அப்பால் நாகர்கோவிலில் இருக்கும் ஜெயமோகனை. 2014 தொடக்கம் முதல் 2020 வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையை, மொத்தம் 26 நாவல்கள், தன் தளத்தில் நாள்தோறும் வெளியிட்டார். அசாத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசகன் அதைக் காசில்லாமல் படித்தான். எழுதியவர் தொலைபேசித் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், திரைக்கதை எழுதுகிறவர். பாதிக் கதையைச் சொல்லி ஒரு பையனை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவது நியாயமா?

திருவனந்தபுரத்துக்குப் போனால் இன்னும் தெளிவு. நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ‘தலைமுறைகள்’ நாவலை எழுதினார். ஆ. மாதவன் சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருந்தார். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களின் பேச்சையும் சண்டையையும் கேட்டுக்கொண்டிருப்பது எந்த நேர மேலாண்மைப் பாடத்திலும் வீண் என்றுதான் வரும். அந்த வீணில் இருந்துதான் கடைத்தெருக் கதைகள் வந்தன. காதில் ஒலியடைப்பானை மாட்டிக்கொண்டு, கவனச் சிதறலை ஒழித்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தால், சாலைத் தெரு தமிழில் ஏறியே இருக்காது.

வீட்டில் இருந்து வேலை என்பதும் 2020-ல் பிறந்ததல்ல. நெய்யாற்றின்கரை தாலுகாவின் பாலராமபுரத்தில் சாலியர் தெருக்களில் இருநூறு வருஷமாக வீட்டுக்குள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அங்கே வேகமாக நெய்யத் தெரியாமலா தறிகள் நின்றன? வாங்க ஆள் இல்லாமல் நின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை என்று கேரள அரசு கொள்முதலில் இறங்கியபோது, நின்ற தறிகளில் சில மறுபடி ஓடின. கை அதே கைதான்.

ஒழுங்கே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். வெட்டுக்காரர் ஒரு நாள் தூங்கிவிட்டால் அன்றைய பால் போச்சு. எழுதுகிறவனுக்கும் நாற்காலியில் உட்காரும் பழக்கம் இல்லாமல் ஒரு பத்தி நகராது. உழைப்பு கூலியைத் தீர்மானிக்கிறது என்ற பொய்யைத்தான் நான் மறுக்கிறேன். அந்தப் பொய்யில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் போதும்: ‘வலைப்பதிவில் லட்சம்’ என்று சொல்லித்தருகிறவருக்கு வருமானம் வலைப்பதிவிலா வருகிறது? சொல்லித்தருவதில் வருகிறது. தோற்ற மாணவன் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும்வரை அந்த வகுப்பறைக்கு நட்டமில்லை.

இந்தப் பக்கத்தில் எழுத்தால் கொஞ்சமாவது காசு பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். மலையாளப் படத்துக்குத் தமிழ் வசன வரி போடுகிறவர், இரு மாநில வழக்கறிஞர்களுக்கும் பத்திரம் மொழிபெயர்க்கிறவர், விளம்பரத்துக்கு இரு மொழியிலும் குரல் கொடுக்கிறவர். கோட்டயமும் மதுரையும் கேலி செய்த அதே இரட்டை நாக்குக்குத்தான் அங்கே கூலி. யாரும் நான்கரைக்கு எழுவதாகத் தெரியவில்லை. வேலை வந்தால் விடியும்வரை உட்காருகிறார்கள், வராத நாளில் அம்மன் கோயில் மைதானத்தில் கால்பந்து பார்க்கிறார்கள்.

மாடி வெளிச்சத்துக்காரனுக்குப் போன மாதம் தபால் வந்தது. விளம்பரக் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்புவார்கள். பணம் கைக்கு வர நூறு டாலர் ஆக வேண்டும். ஊரே கிடையாது என்று சொல்லப்பட்ட இணையம், வீட்டுப் பெயர், வார்டு, பின்கோடு எல்லாம் கேட்டு வாங்கி, தபால்காரர் சைக்கிளில் ஏறி வந்திருந்தது. பையன் வீட்டில் இல்லை. அம்மா உறையைப் பிரித்து, ஆறு இலக்க எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேலிக்கு அப்பால் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“இதென்ன தம்பி, இத்தன ரூவா வருமா?”