பாதி விலையில் கார், முழு விலையில் பாகம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது நடுத்தரக் குடும்பத்துக்கும் சொகுசு கார் ஆசை வந்துவிட்டது. பத்து வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ புது மாருதி விலைக்குக் கிடைக்கிறதே! ஆசையில் தப்பில்லை. கணக்கில்தான் தப்பு.

காரின் விலை வருடா வருடம் இறங்கும். ஐந்தாவது வருடத்தில் இன்சூரன்ஸ்காரர்களே மதிப்பில் 50 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். ஆனால் உதிரி பாகத்தின் விலைக்குத் தேய்மானம் ஏது? கார் பழசு, பாகம் புதுசு. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் 3 சீரிஸ் பூட்டப்படுகிறது. 'நம்ம ஊர் கார்தானே' என்பார்கள். பழைய 320டி-யில் இருந்த என்47 டீசல் எஞ்சினைப் பாருங்கள். அதன் டைமிங் செயின் தேய்வது உலகமறிந்த குறை. செயின் இருப்பதோ எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரம். மாற்றுவதே பெரிய வேலை. அறுந்தால் எஞ்சினே போச்சு!

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல்... தண்ணீரில் நின்ற கார், பாலிஷ் போட்டதும் பளபளக்கும். ஒயரிங்கில் ஏறிய துரு பிறகுதான் பேசும். எனவே சர்வீஸ் புத்தகத்தோடு இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் வாங்கவே கூடாது.

வாங்கும் விலையில் கால் பங்கை ரிப்பேருக்கென்று தனியே எடுத்து வைக்க முடியாதவருக்கு, பழைய கொரோலாவே போதும். கடன் வாங்கிய கௌரவம் மெக்கானிக் ஷெட்டில்தான் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடும்!