உருளைக்கு ஒரு வழி

2025ஆம் ஆண்டு சீனாவில் நிகழ்ந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில், தமிழ்நாட்டு இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் விரைவில் தங்கம் வென்றார். இத்துறையில் இந்தியாவுக்கு அதுவே முதல் உலகத் தங்கம். ஒரே வரிசையில் உருளைகள் பொருந்திய காலணியுடன் விரையும் அவ்வாற்றல், குற்றாலச் சாரலில் வளரும் சிறார்க்கும் வாய்க்க வேண்டாமா?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டரே. பருவக் காலத்தில் அச்சாலையை ஊர்திகளே ஆள்கின்றன. அதனருகே ஊர்தி புகாத தனிப்பாதை ஒன்று வேண்டும். அதன்பொருட்டு ஒரு மரமும் வீழ்தலாகாது. சாரலில் நனைந்த தளத்தில் உருளை வழுக்கும். அந்நாள்களில் பாதை நடப்போர்க்கு உரியதாகுக. உருளைக்கு இசையும் சமதளம் சக்கர நாற்காலிக்கும் இசையுமன்றோ? சிறார் விளையாட்டுக்கென நாம் வேண்டும் வழி, அருவி காண ஏங்கும் நடக்கவியலாதோர்க்கும் வழியாகும்.