மெத்தைமேல் நின்று பளு தூக்குவதா?

திருவிடந்தைக் கடற்கரையின் இளமணலில் நின்றபடி இளவட்டக்கல்லைத் தூக்க யாரும் துணியமாட்டார்கள், கால் புதையும். ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில், பஞ்சடி வைத்த ஓட்டக் காலணியோடு நூறு கிலோவைத் தோளிலேற்றி பஸ்கி எடுக்கிறார்கள். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்னும் மூடநம்பிக்கைதான் காரணம்.

ஓட்டத்தின் அதிர்வை உள்வாங்குவதற்கான அந்த அடிப்பாகம் சுமையின்கீழ் நசுங்கும். கணுக்கால் தடுமாறும், முழங்கால் உட்புறம் சரியும். காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2018 இரண்டிலும் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் துறையான பளுதூக்குதலில் வழங்குவது வேறு வகை: நசுங்காத அடி, ஏறத்தாழ 2 செ.மீ. உயர்ந்த குதி. கணுக்கால் இறுகியவரும் அதில் முதுகு நிமிர்த்தி ஆழ அமரலாம். குந்தி உட்கார்ந்தே பழகியவருக்கு அந்த உயரம்கூட வேண்டியதில்லை. தட்டையான கெட்டி அடியே போதும்.

வாங்குமுன் குதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால், அது ஓடுவதற்கு மட்டுமே.